நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின்: வலியைப் பொறுப்பது வீரமல்ல

நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு நோர்வூட் மக்கள் கண்டிக்கோ கொழும்புக்கோதான் போகவேண்டும். ஆனால் குணமாகும் காலத்தின் பெரும்பகுதி லயத்து அறையில்தான் கழிகிறது. கொழுந்து எடுக்கும் என் அம்மா இருதய வால்வு சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தபோது, வலிக்கிறதா என்று கேட்டால் "பொறுத்துக்கலாம்" என்பார். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், 2009இல் நெஞ்சில் செல் துண்டு பட்டுப் பிழைத்த உறவினர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நெஞ்சைப் பொறுத்தவரை இந்தப் பொறுமை ஆபத்தானது.

ஏன் ஆபத்து?

வலிக்கு அஞ்சுபவர் ஆழமாக மூச்செடுக்கமாட்டார், இருமமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரும். எனவே வலிமருந்து நிம்மதிக்காக மட்டுமல்ல, மூச்சு விடுவதற்காகவும்தான்.

மருந்து

வலி கூடும்வரை காத்திருக்காமல், முதல் நாட்களில் வைத்தியர் எழுதிய நேரப்படி எடுக்கவேண்டும். பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோல், வளர்ந்தவருக்கு வழக்கமாக 500 மில்லிகிராம் வில்லை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் 8 வில்லைகளைத் தாண்டக்கூடாது. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கவேண்டாம். இருதயம், சிறுநீரகம், வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அவை தீங்கு செய்யும். கடுமையான வலிமருந்துகள் மலச்சிக்கல் தரும். முக்குவது நெஞ்சுக்குக் கூடாது என்பதால் அதற்கும் மருந்து கேளுங்கள்.

மூச்சும் இருமலும்

மருந்து எடுத்து அரை மணித்தியாலம் கழித்துப் பயிற்சி செய்வது எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கால் ஆழமாக மூச்செடுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, வாயால் மெதுவாக விடவேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு பத்து முறை. இருமும்போது தலையணையையோ மடித்த துவாயையோ காயத்தின்மேல் அணைத்துப் பிடித்தால் வலி குறையும். மலையகக் குளிரில் படுத்தே இருக்கத் தோன்றும். வாசலில் நாளுக்குப் பல தடவை சமதரையில் நடந்து, மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுங்கள். விறகுப் புகையிலிருந்து விலகியிருங்கள்.

எலும்பு பொருந்தும் காலம்

நடு நெஞ்செலும்பை வெட்டியிருந்தால் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது பொருந்த 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. பீலியில் நிரப்பும் ஒரு வாளித் தண்ணீரே 10 கிலோ வரும். தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமக்கும் கொழுந்துக்கூடை கழுத்தையும் தோளையும் நெஞ்சையும் சேர்த்து இழுக்கும். சம்பளம் போகிறதே என்று மலையேறத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் உங்கள் வேலை என்னவென்று விளக்கிச் சொல்லி, எப்போது திரும்பலாம், இலகு வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மாதக்கணக்கில் தொடரும் வலி

விலா எலும்புகளுக்கு இடையில் வெட்டியவர்களுக்கு ஒவ்வொரு விலாவின் கீழும் ஓடும் நரம்பு பாதிக்கப்படலாம். மூன்று மாதம் கடந்தும் எரிவு, மின்சாரம் அடிப்பது போன்ற குத்தல், சட்டை பட்டாலே கூச்சம் இருந்தால் அது நரம்பு வலி. செல் காயம் பட்டவர்களுக்கு இது வருடக்கணக்கிலும் நீடிக்கும். பனடோல் இதற்குப் போதாது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் உள்ளன, வைத்தியரே தீர்மானிப்பார். பழைய காயம்தானே என்று மறைக்கவேண்டாம்.

உடனே போகவேண்டிய அறிகுறிகள்

- 38 பாகைக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது பிளவு
- நெஞ்செலும்பு அசைவது, "கிளிக்" என்ற சத்தம்
- திடீர் மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம்
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்

இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. நோர்வூட்டுக்கு அருகில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. போகும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.