துணுக்கும் குறிப்பும்: நிரல் சேகரிப்புகளின் வரலாற்றில் ஒரு விடுபாடு

நிரலர்கள் அன்றாட வேலைகளுக்கென்று சேர்த்துவைக்கும் சிறு நிரல் துணுக்குகளின் வரலாறு, பெரும்பாலும் மறுபயன்பாட்டின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. துணுக்கோடு சேர்ந்து வந்த குறிப்பு என்னவாயிற்று என்பதை அந்தக் கதை பேசுவதில்லை. இக்கட்டுரை அதையே தேடுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடி, வர்க்க எண்களின் அட்டவணையைக் கணக்கிட்டுத் தந்தது. வர்க்கமூலம் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற சில்லறை வேலைகள் ஒவ்வொரு நிரலிலும் தலைகாட்டின. அவற்றை ஒருமுறை செம்மையாக எழுதித் துளையிட்ட காகித நாடாக்களாகச் சேமித்தார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தம் நிரல் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திரும்ப வைத்துவிட வேண்டும். வகைக்கு ஓர் எழுத்து: அச்சிடுவதற்குப் பி, முக்கோணவியலுக்கு டி. 1951க்குள் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன.

அவ்வாண்டு எட்சாக் குழுவின் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் வெளியிட்ட நூலில் இவற்றின் விவரக்குறிப்புகள் ஒரு தனிப் பகுதியாக இடம்பெற்றன. எத்தனை இடங்களை அடைக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பெருந்தன்மையால் எழுதியது என்று இதைச் சொல்ல முடியாது. நினைவகமே தொடக்கத்தில் 512 சொற்கள்தான்; அளவு தெரியாத துணுக்கை யாரும் தொடமாட்டார்கள். உள்ளே இருப்பது தெரியாதவரும் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதுவதே மிகக் கடினமான வேலையாக இருக்கக்கூடும் என்று டேவிட் வீலர் 1952இலேயே பதிவுசெய்திருக்கிறார்.

நாடா போய் அச்சு வந்தபோதும் குறிப்பு தப்பிப் பிழைத்தது. ஏசிஎம் என்னும் கணினியியல் சங்கத்தின் மாத இதழ் 1960இல் அல்காரிதங்களை எண்ணிட்டு வெளியிடத் தொடங்கியது. டோனி ஹோரின் குயிக்சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் முறை 1961இல் 64ஆம் எண்ணாக வந்தது. வாசகர்கள் இவற்றைத் தங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்த்து, கண்ட பிழைகளோடு சான்றுரை எழுதினார்கள், அதுவும் அச்சேறியது. 1971 நவம்பரில் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேடு ஒருபடி மேலே போய், கட்டளைகளின் குறைகளைச் சொல்லவே ‘பக்ஸ்’ என்று தனித் தலைப்பு வைத்தது.

விளையாட்டுக் குணத்துக்குப் பேர்போன எம்ஐடி ஹேக்கர்களின் ஹாக்மெம் (1972) தொகுப்பில்கூட இந்த ஒழுக்கத்தைப் பார்க்கலாம். அதன் 169ஆம் உருப்படி, ஒரு கணினிச் சொல்லில் எத்தனை பிட்டுகள் ஒன்றாக உள்ளன என்று எண்ணும் பத்துக் கட்டளைகள். மாறிலிகளை நீட்டினால் 62 பிட் வரை செல்லும், பதினொரு கட்டளைகள் இருந்தால் 254 வரை போதும் என்று அங்கேயே எல்லை வகுத்திருக்கிறார்கள். குறும்புக்காரர்கள்தான், ஆனால் கணக்கில் கறார்.

எல்லையைச் சொல்லாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் இருமத் தேடல் ஒரு சான்று. தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம் கிடைக்கும். ஜான் பென்ட்லியின் ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் இருந்த இந்த முறையே ஜாவாவின் நூலகத்திலும் இருந்தது. பட்டியலில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால், அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647ஐத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவா நூலகத்தில் அந்த வரியை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006இல் இதை வெளிப்படையாக அறிவித்தார். பென்ட்லி தம் நிரல் சரியானது என்பதற்கு நிறுவலே தந்திருந்தார். அந்த நிறுவலில் இயந்திரத்தின் எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது.

2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் கிட்ஹப்பின் கிஸ்ட் வசதியும் வந்தன. படியெடுக்க இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். சேகரிப்புக்குப் பொறுப்பாளர் என்று எவரும் இல்லை. பைட் அளவை மனிதர் படிக்கும்படி மாற்றித் தரும் சில வரிகளை 2010இல் ஒருவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதினார். அந்தத் தளத்திலிருந்து மிக அதிகமாக நகலான ஜாவா துணுக்கு அதுதான் என்று பின்னர் ஓர் ஆய்வு கண்டது. 9,99,999 பைட்டைக் கொடுத்தால் 1 மெகாபைட் என்று சொல்வதற்குப் பதில் 1000 கிலோபைட் என்று சொல்லும் பிழை அதில் இருந்ததை, எழுதியவரே 2019இல் அறிவித்தார். தம் பதிலைத் திருத்தினார். ஏற்கெனவே பிறர் திட்டங்களுக்குள் போய்விட்ட நகல்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேர வழி ஏதும் இல்லை.