நீங்கிய கடமையும் நீங்காத உரிமையும்

பேச்சு வராத பிள்ளையையோ, எழுத்துகளை இனங்காண இயலாத பிள்ளையையோ மத்ரசாவில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் சிலர், “இப்பிள்ளைமீது மார்க்கக் கடமை இல்லையே, வீட்டிலேயே இருக்கட்டும்” என்னும் பதிலுடன் திரும்புகின்றனர். ஆறுதல்போல் ஒலிக்கும் இப்பதில் நம் வரலாற்றுக்கு ஏற்புடையதுதானா?

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய ‘அபஸ’, பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்த நிகழ்ச்சியையொட்டி அருளப்பெற்றது. குறைஷித் தலைவர்களின் செல்வாக்கினும் கற்க வந்தவரின் தேட்டமே மேலானது என அது உணர்த்திற்று. பின்னர் மதீனாவில் பாங்கொலித்தவர்களுள் அவரும் ஒருவரானார்.

பார்வை மங்கிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், மழைவெள்ளம் வழிமறிப்பதால் தம் இல்லத்துக்கு வந்து தொழுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். அண்ணலார் அவ்வாறே சென்று தொழுவித்ததை புகாரி பதிவுசெய்கிறது. உதவி கேட்டல் ஈமானின் குறைவாகக் கருதப்படவில்லை என்பதை இங்கு நாம் காண்கிறோம்.

உமையாக் கலீஃபா முதலாம் வலீத் (705–715) பார்வையற்றோர்க்கு வழிகாட்டிகளையும், நடக்க இயலாதோர்க்குப் பணியாளரையும் அமர்த்தியதாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். 1889இல் பிறந்த எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன், முறையற்ற மருத்துவத்தால் இளமையிலேயே பார்வையிழந்தார். ஆயினும் கிராமத்து ஓதற்பள்ளியில் திருக்குர்ஆனை மனனம் செய்து, அல்அஸ்ஹரில் பயின்று, 1950இல் கல்வி அமைச்சரானார்.

ஓதுதல் செவிவழிக் கல்வியாக இருந்தமையால் பார்வையற்றோர்க்கு அவ்வாயில் எளிதில் திறந்தது. செவிப்புலன் இழந்த பிள்ளைக்கும் அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் அம்முறையே தடையாகிறது. ஆகவே மாற வேண்டியது கற்பிக்கும் முறையே.

சித்தசுவாதீனம் இல்லாதவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் நபிமொழி, அவரைக் குற்றப் பொறுப்பினின்றும் கடமையினின்றும் விடுவிக்கிறது. கல்வியினின்றும் அன்பினின்றும் அவரை விலக்க அதில் ஆதாரமில்லை. அவர்மீது இல்லாத பொறுப்பு, பெற்றோர்மீதும் ஜமாஅத்தின்மீதும் கூடுதலாகவே அமைகிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடையதெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 முதல் 18 வயதுவரை, அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. அச்சான்றிதழைப் பெறத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உளர். பிள்ளையின் நிலையை வெளியே சொல்வது இறைவிதியைக் குறைகூறுவதாகும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். இத்பான் (ரலி) அவர்கள் தம் நிலையை மறைத்திருந்தால், அண்ணலார் அவ்வில்லத்தில் தொழுத நிகழ்ச்சி நிகழ்ந்திராது. கேட்பவர் கேட்கட்டும், கேட்கப்படும் நாம் எழுந்து செல்வோம்.