ஆமையூர்த் தொறு

பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் கூட்டப் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். மாட்டுக்கு ஹெர்ட், ஆட்டுக்கு ஃப்ளாக், சிங்கத்துக்கு ப்ரைட். இந்தப் பட்டியலின் பெரும்பகுதி 1486இல் இங்கிலாந்தில் அச்சான ‘புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்’ நூல் வழியாகப் பரவியது. வேட்டைக்குப் போகும் சீமான்கள் எந்த விலங்குக் கூட்டத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதில் வரிசையாகத் தந்திருந்தார்கள்.

அதற்குச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பே பாலாற்றங்கரையில் ஒரு கூட்டப் பெயர் கல்லில் ஏறிவிட்டது. மாட்டு மந்தையைக் குறிக்கும் அந்தச் சொல் ‘தொறு’.

பள்ளிகொண்டாவுக்கு மேற்கே, ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள் நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அப்போது ஆம்பூருக்குப் பெயர் ஆமையூர். படுவூர்க் கோட்டத்து மேல் அடையாறு நாட்டில் இருந்தது. நுளம்ப மன்னனின் படை வந்து ஊர்த் தொறுவைக் கவர்ந்தது. தலைவர் பிருதிகங்கரையரின் வீரர்கள் எதிர்த்து நின்று விழுந்தார்கள். ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் 1890களில் இவற்றைப் படித்துப் பதிப்பித்தார். எத்தனை மாடு போனது என்ற கணக்கு கல்லில் இல்லை. ஊராருக்கு அந்தக் கணக்கு தேவைப்படவும் இல்லை. தொறு போனால் பால் போச்சு, உழவு போச்சு, எரு போச்சு. அதற்காக உயிரைக் கொடுத்தவனுக்குத்தான் கல் நட்டார்கள்.

தெற்கே செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது. தொறு கொண்டதும் தொறு மீட்டதும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளன் ஒருவனைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லே சொல்கிறது. ஒரு நாயின் பெயரையும் மறக்கவிடாத அந்த ஊராரை வணங்கத்தான் தோன்றுகிறது.

கோயில் கல்வெட்டுகளில் இன்னொரு கூட்டப் பெயர் உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளை விடுவார்கள். இடையர் அவற்றை ஏற்று, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. தனி ஆடு சாகும், மூப்படையும். மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. கூட்டப் பெயர் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்க முடியாது.

இலக்கணமும் இதே வழியில்தான் போகிறது. ‘குழு’, ‘அரசு’ போன்ற சொற்கள் மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிபே பெறும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதி வகுக்கிறது. இன்றும் ‘குழு வந்தது’ என்றுதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இங்குதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘எ ஹெர்ட் ஆஃப் கவ்ஸ்’ என்று எழுதியதும் பக்கத்தில் நிற்கும் ‘கவ்ஸ்’ கண்ணில் பட, வினையைப் பன்மையாக்கிவிடுகிறார்கள். கூட்டம் ஒன்றாக நகர்ந்தால் ‘இஸ்’, ‘வாஸ்’ போதும். உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் இயங்கினால் பிரிட்டிஷ் வழக்கு ‘ஆர்’, ‘வேர்’ என்பதையும் ஏற்கும். அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ஒருமையையே விரும்பும்.

வேலூர் அருகே பொய்கையில் இன்றும் செவ்வாய்தோறும் மாட்டுச்சந்தை கூடுகிறது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் இன்னும் வயலோரமும் மரத்தடியிலும் நிற்கின்றன. இப்பகுதி ஆசிரியர்கள் கூட்டப் பெயர்ப் பாடம் நடத்தும் நாளில், பிள்ளைகளை அப்படி ஒரு கல்லின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்துங்கள். ‘ஹெர்ட்’ என்ற சொல்லோடு ‘தொறு’ என்ற சொல்லையும் அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.