வாய்மொழி உடற்கூறாய்வு

வாய்மொழி உடற்கூறாய்வு என்பது, ஒருவர் இறந்த பின் அவரை இறுதி நாட்களில் உடனிருந்து கவனித்த உறவினரிடம் நோய்க்குறிகளைக் கேட்டறிந்து, இறப்பின் காரணத்தைக் கணிக்கும் ஆய்வு முறையாகும். இதில் உடல் அறுத்துப் பார்க்கப்படுவதில்லை. மருத்துவச் சான்று இன்றி வீட்டிலேயே பலர் இறக்கும் நாடுகளில் இம்முறை பயன்படுகிறது.

முறை

பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவரின் வீட்டிற்குச் சென்று, ஒப்புதல் பெற்று, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் முதலியவை எத்தனை நாள் இருந்தன என வினவுவார். உறவினர் கூறுவது அவர்தம் மொழியிலேயே பதிவு செய்யப்படும். பின்னர் மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தை முடிவு செய்வர்.

தமிழ்நாட்டில்

வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ ஆகியோர் சென்னையில் 1995-97இல் நிகழ்ந்த ஏறத்தாழ 48,000 இறப்புகளையும், விழுப்புரம் மாவட்ட ஊர்ப்புறங்களில் 1997-98இல் நிகழ்ந்த ஏறத்தாழ 32,000 இறப்புகளையும் இவ்வாறு ஆராய்ந்தனர். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் இறப்புக்குப் புகைத்தல் காரணம் என 2003இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வும் தமிழ்நாட்டு உறவினர்களின் விடைகளைக் கொண்டே அமைந்தது.

உறவினர் நிலை

இவ்வாய்வில் சான்று கூறுபவர் துயருற்றவரே. கருமாதி முடிந்த உடனே கேட்டால் துயரம் மிகும். நெடுநாள் கழித்துக் கேட்டால் நினைவு மங்கும். நடந்ததைச் சொல்வது சிலருக்கு ஆறுதல் தரும். சிலருக்கு, முன்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கலாமோ என்ற குற்றவுணர்வைத் தூண்டும். தற்கொலை, எய்ட்சு போன்றவற்றை மறைப்பதும் உண்டு. நாமக்கல் வட்டாரத்தில் இருந்து வெளிமாநிலம் சென்ற சரக்குந்து ஓட்டுநர் வழியில் இறந்தால், அவரது இறுதி நாட்களை வீட்டார் கண்டிருக்க மாட்டார். பெரும் ஆய்வுகளின் முடிவுகள் தொகுத்தே வெளியிடப்படுவதால், விடையளித்த குடும்பத்திற்கு அவை பொதுவாகத் தனியே தெரிவிக்கப்படுவதில்லை.

மகப்பேற்று இறப்பு ஆய்வு

மகப்பேற்றின்போது நிகழும் இறப்புகளில் உறவினர் பங்கு மேலும் நேரடியானது. 2010ஆம் ஆண்டின் நடுவணரசு வழிகாட்டு நெறிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கூட்டத்திற்கு உறவினரும் அழைக்கப்படுவர். சேலம், நாமக்கல் உட்பட எல்லா மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் இத்தகைய ஆய்வு அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. ஊர்தி எப்போது வந்தது, எந்த மருத்துவமனையில் இருந்து எங்கு அனுப்பினர் என்பவற்றை உறவினர் முதலில் கூறுவர். அவர்கள் சென்ற பின்னரே மருத்துவர்களிடையே விரிவான கலந்துரையாடல் நடைபெறும். மருத்துவமனைக் குறிப்பேட்டில் இடம்பெறாத காலத்தாழ்வுகள் இதனால் வெளிப்படுகின்றன.