இங்கிலாந்து சாம்பியன்ஷிப் கால்பந்து: 2022–23 பருவம்

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் பிரீமியர் லீக்குக்கு அடுத்த படியில் இருப்பது இ.எஃப்.எல். சாம்பியன்ஷிப். இதன் 2022–23 பருவம் 2022 ஜூலை 29 அன்று தொடங்கி, 2023 மே 27 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த பிளே ஆஃப் இறுதிப் போட்டியுடன் முடிந்தது. பர்ன்லி 101 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. ஷெஃபீல்டு யுனைடெட் இரண்டாம் இடம் பெற்றது. மூன்றாவது அணியாகப் பிரீமியர் லீக்குக்கு ஏறியது லூட்டன் டவுன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஐந்தாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த கிளப் அது. ரெடிங், பிளாக்பூல், விகன் அத்லெட்டிக் ஆகிய மூன்றும் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு இறங்கின.

பணபலம் ஒரு கிளப்பை எவ்வளவு தூரம் தூக்கிச் செல்லும், நிர்வாகச் சீர்கேடு எவ்வளவு ஆழத்தில் தள்ளும், பொறுமையாகக் கட்டிய சிறிய கிளப் எங்கே போய் நிற்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரே பருவத்தில் விடை கிடைத்தது. இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றிப் பேசுவோர் இதை இன்றும் எடுத்துக்காட்டுவது அதனால்தான்.

போட்டி அமைப்பு

இங்கிலாந்தில் இரண்டாம் அடுக்கு லீக் 1892இல் தொடங்கியது. சாம்பியன்ஷிப் என்ற பெயர் 2004இல் வந்தது. இதில் 24 கிளப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற 23 கிளப்புகளுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணி மைதானத்தில் ஒருமுறையும் மோதும். ஆக, ஒரு கிளப்புக்கு 46 ஆட்டங்கள். லீக் முழுவதற்கும் 552 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும்.

முதல் இரண்டு இடங்களில் முடிக்கும் அணிகள் நேரடியாகப் பிரீமியர் லீக்குக்கு ஏறும். இந்தப் பருவத்தில் மூன்று முதல் ஆறு வரையான இடங்களில் முடித்த நான்கு அணிகள் பிளே ஆஃப் ஆடின. அரையிறுதி இரு ஆட்டங்களாக நடக்கும்; இறுதிப் போட்டி வெம்பிளியில் ஒரே ஆட்டம். அதில் வெல்லும் அணிக்கு ஒளிபரப்பு வருமானம் முதலிய வழிகளில் குறைந்தது 17 கோடி பவுண்டு சேரும் என்று டெலாய்ட் நிறுவனம் அந்த ஆண்டு மதிப்பிட்டது. கடைசி மூன்று அணிகள் லீக் ஒன்னுக்கு இறங்கும்.

பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிவரும் கிளப்புகளுக்கு ‘பாராசூட்’ தொகை என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு உதவிப் பணம் தரப்படுகிறது. மேல் அடுக்கில் ஒவ்வொரு கிளப்புக்கும் சமமாகப் பிரித்துத் தரப்படும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 விழுக்காடும் இரண்டாம் ஆண்டு 45 விழுக்காடும் கிடைக்கும். மேலே ஒரு பருவத்துக்கு மேல் இருந்த கிளப்பாக இருந்தால் மூன்றாம் ஆண்டும் 20 விழுக்காடு உண்டு. இந்தப் பணம் பெறும் கிளப்புகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு சாம்பியன்ஷிப்பின் நிலையான சர்ச்சை.

பங்கேற்ற கிளப்புகள்

பர்ன்லி, வாட்ஃபோர்டு, நாரிச் சிட்டி ஆகியவை பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி வந்தன. லீக் ஒன்னிலிருந்து விகன் அத்லெட்டிக், ராதரம் யுனைடெட், சண்டர்லேண்டு ஆகியவை ஏறி வந்தன. மற்ற 18 கிளப்புகள் முந்தைய பருவத்திலிருந்து தொடர்ந்தன. 1995இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றதும், 2010 முதல் புனேயின் வெங்கீஸ் குழுமத்துக்குச் சொந்தமானதுமான பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவற்றுள் ஒன்று.

பருவத்தின் போக்கு

முதல் ஆட்டத்தில் பர்ன்லி, ஹடர்ஸ்ஃபீல்டு டவுனை அதன் மைதானத்திலேயே 1–0 என வென்றது. கவன்ட்ரி சிட்டிக்குத் தொடக்கமே சோதனையாக அமைந்தது. காமன்வெல்த் விளையாட்டின் ரக்பி செவன்ஸ் ஆட்டங்களால் அதன் மைதானத்தின் புல்தரை கெட்டுப்போய், ஆகஸ்டில் சொந்த மைதான ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. மற்ற அணிகள் புள்ளி சேர்த்துக்கொண்டிருக்க, கவன்ட்ரி அட்டவணையின் அடியில் கிடந்தது.

செப்டம்பர் 8 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் மறைந்ததையொட்டி அந்த வார இறுதி ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. உலகக் கோப்பை அந்த ஆண்டு கத்தாரில் நவம்பர், டிசம்பரில் நடந்ததால் லீக்குக்கு நடுவில் ஏறத்தாழ நான்கு வாரம் இடைவெளி விழுந்தது.

பயிற்சியாளர் மாற்றங்கள் நிறைந்த பருவம் இது. ராப் எட்வர்ட்ஸை வாட்ஃபோர்டு செப்டம்பரிலேயே நீக்கியது. அவருக்குப் பின் ஸ்லாவன் பிலிச், கிறிஸ் வைல்டர் என இருவர் வந்தும் அந்த அணி 11ஆம் இடத்தில்தான் முடித்தது. பாராசூட் தொகை பெற்ற மற்றொரு கிளப்பான நாரிச் 13ஆம் இடம் பெற்றது. மிடில்ஸ்பரோ 21ஆம் இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த அக்டோபர் இறுதியில், மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் நடுக்கள வீரர் மைக்கேல் கேரிக் அதன் பொறுப்பை ஏற்றார். அந்த அணி நான்காம் இடம்வரை ஏறியது. கேரிக் சற்றே பின்தள்ளி ஆடவைத்த முன்கள வீரர் சூபா அக்பொம் 28 கோல் அடித்து லீக்கின் முதன்மைக் கோலடிப்பாளர் ஆனார்.

பர்ன்லியின் பட்டம்

ஆறு ஆண்டுகள் பிரீமியர் லீக்கில் ஆடிய பர்ன்லி அங்கே அறியப்பட்டது இறுகிய தற்காப்புக்கும் நீண்ட பந்துகளுக்கும்தான். 2022 ஜூனில் பொறுப்பேற்ற வின்சென்ட் கொம்பனி அதை அடியோடு மாற்றினார். மான்செஸ்டர் சிட்டியின் அணித்தலைவராக நான்கு முறை பிரீமியர் லீக் வென்ற அவர், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கிளப்பிலிருந்து வந்தார். பழைய வீரர்கள் பலர் விலகிய நிலையில் இளம் வீரர்களைக் கொண்டு புதிய அணி அமைத்தார். சவுத்தாம்ப்டனிலிருந்து கடனுக்கு வந்த நேதன் டெல்லா லீக்கில் 17 கோல் அடித்தார். செல்சியிலிருந்து இயன் மாட்சனும் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து டெய்லர் ஹார்வுட் பெல்லிஸும் அதேபோலக் கடனுக்கு வந்தவர்கள். கோல்கீப்பரிலிருந்தே குறும்பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டி எழுப்புவது இந்த அணியின் முறை.

46 ஆட்டங்களில் பர்ன்லி மூன்றில் மட்டுமே தோற்றது. ஏப்ரல் 7 அன்று மிடில்ஸ்பரோவை 2–1 என வென்று, ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பிரீமியர் லீக் இடத்தை உறுதிசெய்தது. சாம்பியன்ஷிப் என்ற பெயர் வந்த பிறகு இவ்வளவு சீக்கிரம் ஏறிய அணி வேறில்லை. ஏப்ரல் 25 அன்று நெடுநாள் எதிரியான பிளாக்பர்னை அதன் மைதானத்திலேயே 1–0 என வீழ்த்திப் பட்டத்தையும் கைப்பற்றியது. பர்ன்லி ரசிகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

மறுநாள், ஏப்ரல் 26 அன்று, ஷெஃபீல்டு யுனைடெட் தன் பிராமல் லேன் மைதானத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 2–0 என வென்று இரண்டாம் இடத்தை உறுதிசெய்தது. பருவத்தின் நடுவில் வீரர்களை வாங்கத் தடைவிதிக்கப்பட்ட நெருக்கடியிலும் பயிற்சியாளர் பால் ஹெக்கிங்பாட்டமின் அணி தளரவில்லை. எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரையும் சென்றது.

பிளே ஆஃப்

கடைசி நாளான மே 8 வரை ஆறாம் இடத்துக்கான போட்டி நீடித்தது. பிளாக்பர்னுக்கு எதிராக 3–1 என முன்னிலையில் இருந்த மில்வால் 3–4 எனத் தோற்று வாய்ப்பை இழந்தது. சண்டர்லேண்டு பிரஸ்டனை 3–0 என வென்றது. பிளாக்பர்னும் சண்டர்லேண்டும் 69 புள்ளிகளில் சமமாக நிற்க, கோல் வித்தியாசத்தில் சண்டர்லேண்டு உள்ளே நுழைந்தது.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லூட்டனை 2–1 என வென்ற சண்டர்லேண்டு, மறு ஆட்டத்தில் 0–2 எனத் தோற்றது. கவன்ட்ரியும் மிடில்ஸ்பரோவும் முதல் ஆட்டத்தில் கோலின்றி டிரா செய்தன. மறு ஆட்டத்தில் குஸ்டாவோ ஹாமர் அடித்த ஒரே கோல் கவன்ட்ரியை வெம்பிளிக்கு அனுப்பியது.

இறுதிப் போட்டியில் சந்தித்த இரு கிளப்புகளும் ஐந்தே ஆண்டுகளுக்கு முன், 2017–18 பருவத்தில், நான்காம் அடுக்கான லீக் டூவில் ஆடியவை. கவன்ட்ரி 2001இல் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கிய பிறகு, சொந்த ஊரில் ஆட மைதானமே இல்லாத ஆண்டுகளையும் கடந்து, பயிற்சியாளர் மார்க் ராபின்ஸின் கீழ் படிப்படியாக மீண்டது. லூட்டனின் கதை இன்னும் கடினமானது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்குவதற்குச் சற்று முன் அது மேல் அடுக்கிலிருந்து இறங்கியது. 2008–09இல் நிதி முறைகேடுகளுக்காகவும் திவால் நிலை தொடர்பான விதிமீறலுக்காகவும் மொத்தம் 30 புள்ளிகள் பறிக்கப்பட்டு லீக்கை விட்டே வெளியேறியது. ஐந்தாம் அடுக்கில் ஐந்து பருவங்கள் ஆடிய பின் 2014இல் திரும்பி வந்தது. 2018இலும் 2019இலும் அடுத்தடுத்து ஏற்றம் பெற்றது.

2022 நவம்பரில் பயிற்சியாளர் நேதன் ஜோன்ஸ் சவுத்தாம்ப்டனுக்குச் சென்றபோது, வாட்ஃபோர்டு நீக்கிய ராப் எட்வர்ட்ஸை லூட்டன் அழைத்துக்கொண்டது. இரு ஊர்களும் பழைய எதிரிகள். அவர் ஏப்ரல் 1 அன்று வாட்ஃபோர்டையே 2–0 என வென்றார். லீக்கில் 20 கோல் அடித்த கார்ல்டன் மோரிஸும் உறுதியான தற்காப்பும் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தன.

85,711 பேர் திரண்ட இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே லூட்டன் அணித்தலைவர் டாம் லாக்கியர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 23ஆம் நிமிடத்தில் ஜோர்டன் கிளார்க் லூட்டனுக்குக் கோல் அடித்தார். 66ஆம் நிமிடத்தில் ஹாமர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் லூட்டனின் ஜோ டெய்லர் அடித்த கோல், பந்து கையில் பட்டதாகக் காணொளி நடுவர் முறையில் தெரியவந்து நீக்கப்பட்டது. பெனால்டியில் முதல் பதினொரு உதைகளும் கோலாயின. கவன்ட்ரியின் ஃபன்காட்டி டாபோ உதைத்த பன்னிரண்டாவது பந்து கம்பத்துக்கு மேலே போனது. லூட்டன் 6–5 என வென்றது. 2013இல் லூட்டனில் சேர்ந்த பெல்லி ருடொக் ம்பன்சு, ஒரே கிளப்புடன் ஐந்தாம் அடுக்கிலிருந்து பிரீமியர் லீக் வரை சென்ற முதல் வீரர் என்ற பெருமையைப் பெற்றார்.

இறங்கிய கிளப்புகள்

பிளாக்பூல் ஏப்ரல் 28 அன்று மில்வாலிடம் 2–3 எனத் தோற்று இறங்கியது. வீரர்களுக்கு உரிய நாளில் சம்பளம் தராத விகனுக்கு 3 புள்ளி குறைக்கப்பட்டது. ஒரே பருவத்தில் லீம் ரிச்சர்ட்சன், கோலோ டூரே, ஷான் மலோனி என மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்த அந்த அணி கடைசி இடம் பெற்றது.

ரெடிங்கின் வீழ்ச்சி மைதானத்துக்கு வெளியே நடந்தது. முந்தைய விதிமீறலுக்காக ஒப்புக்கொண்ட நிதித் திட்டத்தைப் பின்பற்றாததால் ஏப்ரலில் அதற்கு 6 புள்ளி குறைக்கப்பட்டது. அணி ஆடிச் சேர்த்தது 50 புள்ளி. கையில் மிஞ்சியது 44. தண்டனை இல்லாதிருந்தால் ரெடிங் தப்பியிருக்கும், 49 புள்ளியுடன் 21ஆம் இடம் பெற்ற கார்டிஃப் சிட்டி இறங்கியிருக்கும். வீரர்கள் வியர்வை சிந்திச் சேர்த்ததை நிர்வாகம் தொலைத்தது. விலை கொடுத்தவர்கள் ரசிகர்கள். மறுபுறம், எழுபது வயதைக் கடந்த பயிற்சியாளர் நீல் வார்னக்கைப் பிப்ரவரியில் அழைத்துவந்த ஹடர்ஸ்ஃபீல்டு, 18ஆம் இடத்துக்கு ஏறித் தப்பியது.

இறுதி அட்டவணை: முதல் ஏழும் கடைசி நான்கும்

| இடம் | கிளப் | வெற்றி | டிரா | தோல்வி | புள்ளி |
|---|---|---|---|---|---|
| 1 | பர்ன்லி | 29 | 14 | 3 | 101 |
| 2 | ஷெஃபீல்டு யுனைடெட் | 28 | 7 | 11 | 91 |
| 3 | லூட்டன் டவுன் | 21 | 17 | 8 | 80 |
| 4 | மிடில்ஸ்பரோ | 22 | 9 | 15 | 75 |
| 5 | கவன்ட்ரி சிட்டி | 18 | 16 | 12 | 70 |
| 6 | சண்டர்லேண்டு | 18 | 15 | 13 | 69 |
| 7 | பிளாக்பர்ன் ரோவர்ஸ் | 20 | 9 | 17 | 69 |
| 21 | கார்டிஃப் சிட்டி | 13 | 10 | 23 | 49 |
| 22 | ரெடிங் (6 புள்ளி குறைப்பு) | 13 | 11 | 22 | 44 |
| 23 | பிளாக்பூல் | 11 | 11 | 24 | 44 |
| 24 | விகன் அத்லெட்டிக் (3 புள்ளி குறைப்பு) | 10 | 15 | 21 | 42 |

விருதுகள்

சிறந்த வீரர் விருது சூபா அக்பொமுக்கும், சிறந்த இளம் வீரர் விருது பிரிஸ்டல் சிட்டியின் அலெக்ஸ் ஸ்காட்டுக்கும், சிறந்த பயிற்சியாளர் விருது கொம்பனிக்கும் கிடைத்தன. கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையைக் கவன்ட்ரியின் பென் வில்சன் பெற்றார். கோல் பட்டியலில் அக்பொமுக்கு அடுத்து கவன்ட்ரியின் விக்டர் யோகரெஸ் 21 கோலுடன் வந்தார்.

பின்விளைவு

லூட்டனின் கெனில்வொர்த் ரோடு மைதானம் 1905 முதல் பயன்பாட்டில் உள்ளது; அப்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 10,000. ஒரு பக்க வாயில் வரிசை வீடுகளுக்கு இடையில் திறக்கிறது. இந்தச் சிறிய மைதானத்தைப் பிரீமியர் லீக் விதிகளுக்கேற்ப அவசரமாகச் சீரமைக்க வேண்டியிருந்தது. சண்டர்லேண்டு 2025இல் பிளே ஆஃப் வென்று மேலே சென்றது. கொம்பனி 2024இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் பயிற்சியாளரானார்.

ஏறிய மூன்று கிளப்புகளும் மேல் அடுக்கில் நிலைக்கவில்லை. 2023–24 பிரீமியர் லீக்கில் லூட்டன் 26, பர்ன்லி 24, ஷெஃபீல்டு யுனைடெட் 16 புள்ளிகளுடன் கடைசி மூன்று இடங்களைப் பெற்றன. சாம்பியன்ஷிப்பிலிருந்து ஏறிய மூன்று அணிகளும் அடுத்த பருவத்திலேயே ஒருசேர இறங்கியது 1997–98க்குப் பிறகு அதுவே முதல்முறை.