‘நைஸ்’ என்ற சொல் கடந்து வந்த வழி

இன்று ஆங்கிலம் பேசுவோர் உணவு, உடை, வானிலை, மனிதர் என எதைப் பாராட்டவும் கையாளும் ‘நைஸ்’ என்ற பெயரடை, அதாவது பெயர்ச்சொல்லின் தன்மையை உணர்த்தும் சொல், அம்மொழிக்குள் நுழைந்தபோது வசைச்சொல்லாகவே இருந்தது. ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் உருத்திரிந்து மூடத்தனத்தைக் குறித்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் ஆட்சியிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியமையால் ஆங்கிலத்தில் குடியேறிய எண்ணற்ற சொற்களோடு இதுவும் 1300ஆம் ஆண்டையொட்டி வந்து சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் படைப்புகளில் இது பேதைமையைச் சுட்டுகிறது.

பின்வந்த நூற்றாண்டுகளில் கூச்சம், ஒழுக்கக்கேடு, நளினம், எதிலும் குறைகாணும் இயல்பு என ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் இச்சொல்லில் ஏறின. ஷேக்ஸ்பியரோ ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ‘அற்பமான’ என்ற பொருளில் இதை ஆண்டார். எளிதில் நிறைவடையாதவர் சிறு வேறுபாட்டையும் கண்டுகொள்வார் ஆதலின், குறைகாணும் குணத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் கூர்ந்து பகுத்தறியும் திறனையும் குறிக்கலாயிற்று. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதற்கு முதலாவதாகத் தரும் விளக்கமும் நுண்ணிய துல்லியத்தைப் பற்றியதே.

‘இனிய’ என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிற்று. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், ஒரு புத்தகத்தை இச்சொல்லால் புகழும் கேத்தரினிடம் ஹென்றி டில்னி, அது புத்தகக் கட்டுமானத்தின் நேர்த்தியையா குறிக்கிறது என்று சீண்டுவதாக ஜேன் ஆஸ்டின் எழுதியிருப்பது, பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே உரையாடலில் மோதிக்கொண்ட தருணத்தின் அரிய பதிவாகும். 1926இல் தம் ஆங்கில வழக்கு நூலை வெளியிட்ட ஃபவுலர், பெண்கள் அளவுமீறி விரும்பியதாலேயே சொல் தன் தனித்தன்மையை இழந்தது என்று பழித்தார், அது நியாயமன்று. நயத்தக்க உரையாடலைப் பண்பாட்டின் அடையாளமாகப் போற்றிய சமூகம் முழுவதற்கும், எவரையும் புண்படுத்தாமல் எதையும் பாராட்ட உதவும் மென்மையான சொல் ஒன்று தேவைப்பட்டது. அதை ஆண்களும் தயங்காமல் பயன்படுத்தினர்.

ஆங்கிலத்தில் ‘நுட்பமான வேறுபாடு’ போன்ற ஒருசில தொடர்களில் மட்டும் ஒதுங்கிவிட்ட அந்த நுண்மைப் பொருளை ஒத்த வழக்கொன்று தமிழரின் பேச்சில் உயிரோடு உலவுகிறது: இட்லிக்கு உளுந்தை ‘நைசாக’ அரைப்பதும், கூட்டத்திலிருந்து ஒருவர் ‘நைசாக’ நழுவுவதும் இனிமையைக் குறிப்பன அல்ல, முன்னது மாவின் மென்மையையும் பின்னது செயலின் சாமர்த்தியத்தையும் குறிக்கின்றன.