குளக்கட்டில் ஒரு பங்கு

வட இலங்கையிலுள்ள வன்னியின் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே போதும், அங்கே சனம் எதை நம்பிக் குடியிருந்தது என்பது விளங்கிவிடும். செட்டிகுளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம், நெடுங்கேணி, இரணைமடு, முத்தையன்கட்டு. இவற்றுக்கு நடுவே தண்ணிமுறிப்பு என்றும் ஓர் ஊர் உண்டு. கட்டு நின்ற இடம் ஊரானது. முறிந்த இடமும் பெயராகி நிலைத்துவிட்டது.

வன்னிமைகள் என்ற பழைய சிற்றரசுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவற்றின் தலைவர்களில் ஒருவனான பண்டாரவன்னியனைப் பற்றி நாடகங்கள்கூட உண்டு. ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் கத்தியும் மண்வெட்டியும் கடகமுமாகக் குளக்கட்டில் ஏறிய சனத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. ஊரின் பாதுகாப்பும் பசுமையும் அந்த ஒரு நாள் வேலையில்தான் தங்கியிருந்தன.

வேலை பார்வைக்கு எளிது. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும்போது கட்டில் மண்டிய பற்றையை வெட்டி எரிப்பார்கள். அழகுக்காக வெட்டுவதில்லை. பற்றை மூடிக் கிடந்தால் எலியும் உடும்பும் தோண்டிய வளை கண்ணில் படாது. வளை தெரிந்ததும் அதைத் திறந்து வெட்டி, புற்றுமண்ணோ களிமண்ணோ இட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்குவார்கள். கட்டின்மேல் முளைத்த மரக்கன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். மரம் பெருத்து ஒருநாள் பட்டுப்போனால் அதன் வேர் இருந்த இடம் கட்டுக்குள் ஒரு குழாய்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அந்தத் துளையைத் தேடிப் பிடித்துவிடும்.

அதே கமக்காரர் குளத்துக்கு மேற்புறக் காட்டில் கத்தி வைக்கமாட்டார். அங்கே நிற்கும் மரங்கள் மழைநீரோடு வரும் வண்டலை மறிக்கும். ஆற்றோரத்து மருது வேரால் கரையைப் பிடித்து வைத்திருக்கும். பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காட்டில் எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பது ஏட்டில் எழுதாத சட்டமாக ஊருக்குள் இருந்தது. கட்டில் மரம் ஆகாது, மேலே மரம் இல்லாமல் ஆகாது. வன்னியின் சூழலியல் முழுவதையும் இந்த இரண்டு விதிகளுக்குள் அடக்கிவிடலாம்.

கட்டு வேலையைப் பிரித்துக்கொண்ட முறைக்குப் பெயர் பங்கு. குளத்தின்கீழ் ஒருவருக்கு எவ்வளவு வயல் பங்கு உண்டோ, அதற்கேற்ற நீளம் கட்டிலும் அவருக்கு உண்டு. தன் துண்டைத் துப்புரவு செய்யாதவருக்குத் தண்டம். இதைத் தொண்டு என்று யாரும் சொன்னதில்லை. கூலியும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். வன்னிக்குத் தெற்கே அநுராதபுரத்துச் சிங்கள ஊர்களிலும் இதே முறைதான், இதே சொல்தான். எட்மண்ட் லீச் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1954இல் புல் எளிய என்ற சிற்றூரில் தங்கி ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட நூலில் 'பங்கு' என்ற சொல் மீண்டும் மீண்டும் வரும். மொழியும் மதமும் வேறான இரண்டு சனங்கள் குளத்தைக் காக்க ஒரே சொல்லை வைத்திருந்தது, வவுனியா போன்ற ஒரு மாவட்டத்தின் வரலாற்றைப் படிப்பவர் மறக்கக்கூடாத செய்தி.

பிரித்தானியர் 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அரசனுக்குச் செய்த ஊழியத்தோடு, ஊர் தனக்காகச் செய்துகொண்ட வேலைக்கு இருந்த அதிகாரமும் தளர்ந்துபோயிற்று. வரவேண்டியவர் வராவிட்டால் கேட்க ஆளில்லை. கட்டுகள் கரைந்தன. கால் நூற்றாண்டு கழித்து, 1856இல், ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. பழைய ஊர் வழக்கங்களுக்கே அது மீண்டும் சட்ட வலு கொடுத்தது. ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூலைப் புரட்டினால், காய்ச்சலும் காடும் சூழ்ந்த சின்னஞ்சிறு ஊர்கள் உடைந்த குளங்களின் அருகே எப்படிப் பிடிவாதமாக இருந்தன என்பது தெரியும்.

இருபதாம் நூற்றாண்டு வன்னிக்குப் புதுச் சனத்தைக் கொண்டுவந்தது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. அதன்கீழ் காடு வெட்டிக் காணி பிரித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப்பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பின்னர் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் திருத்தப்பட்டன. பெரிய குளத்தின் கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. வாய்க்கால் துப்புரவு மட்டும் பழையபடி கமக்காரரின் பங்காகவே இருந்தது. யார் எங்கிருந்து வந்தவர் என்பதைவிட, தன் வாய்க்கால் துண்டை வெட்டினாரா என்பதுதான் அயலவருக்கு முக்கியம். வந்தவர் ஊரவராக ஆனது அந்த வழியில்தான்.

உழைப்புக் கொடை என்று பொருள்படும் சிரமதானம் என்ற சொல் பரவியதும் இக்காலத்தில்தான். 1958 டிசம்பரில் ஏ. டி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவரை கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று வேலை செய்யவைத்தார். சர்வோதய இயக்கம் அங்கே பிறந்தது. ஊர்ச் சங்கங்களின் வழியாக அந்தச் சொல் தமிழூர்களுக்கும் வந்து சேர்ந்தது. வன்னியில் பழைய பங்கு வேலைக்குப் பக்கத்தில் அது இயல்பாக உட்கார்ந்துகொண்டது. கோயில் வளவு, பாடசாலைக் கிணறு, ஒழுங்கைக்கு மண் நிரப்புவது எல்லாமே சிரமதானம் ஆயின.

ஆனால் ஒரு கூட்டத்துக்கு அந்தப் பங்கு எளிதில் கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் அவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச குடியேற்றத்தில் காணி இல்லை. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி மிஞ்சியபோதும், தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தின்போதும் அவர்கள் வன்னிக்கு வந்தார்கள். பலர் பிறர் வயலில் கூலியாக நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் காந்தியம் என்ற அமைப்பு வருகிறது. கரம்பனில் 1924இல் பிறந்த எஸ். ஏ. டேவிட் கட்டடக் கலைஞர். வெளிநாட்டில் படித்து, கென்யாவின் மொம்பாசாவில் உயர் பதவியில் இருந்தவர். எல்லாவற்றையும் விட்டு வவுனியாவுக்கு வந்தார். மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் மருத்துவரான அவர் மனைவி சாந்தியும் வவுனியாவில் வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தார்கள். இவர்கள் 1970களின் நடுப்பகுதியில் கட்டிய அமைப்பு, அகதியாக வந்தவரைக் காட்டோரக் காணிகளில் குடியமர்த்தியது. கிணறு வெட்டினார்கள், பயிர் வைத்தார்கள், ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பயிற்றி மழலைப் பள்ளிகள் நடத்தினார்கள். படித்த இளைஞரும் பல்கலைக்கழக மாணவரும் விடுமுறையில் வந்து மண்வெட்டி பிடித்தார்கள். தமிழர் அரசியல் மேடைப் பேச்சாலேயே நிறைந்திருந்த ஒரு காலத்தில், பேச்சைக் குறைத்து மண்ணைத் தொட்ட முயற்சி இது. வன்னியின் தன்னார்வ வரலாற்றில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதானார்கள். அந்த யூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் நாள் இறந்தவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர். உயிர்தப்பிய டேவிட், செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைபட்டபோது வெளியேறி இந்தியாவுக்குப் போனார். முப்பதாண்டுக்கு மேல் சென்னையில் இருந்துவிட்டு 2015இல் நாடு திரும்பினார். அதே ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

காந்தியம் குடியமர்த்திய இடங்களில் முல்லைத்தீவுப் பக்கத்து டொலர் பண்ணையும் கென்ற் பண்ணையும் உண்டு. 1984இல் அங்கிருந்த மலையகக் குடும்பங்களை அரசு வெளியேற்றி, சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் இருத்தியது. அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் தாக்கியதில் பெண்களும் பிள்ளைகளும்கூடக் கொல்லப்பட்டார்கள். அகதிகள் கிணறு வெட்டிய மண்ணில் ஓராண்டுக்குள் இவ்வளவும் நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக உழுத வயலை விட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். ஒரு குடும்பத்தைக் கட்டிலிருந்து அகற்றினால் அதன் பங்கு வேலையும் போய்விடுகிறது. இதைச் செய்தவர்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும் குளத்துக்கு வந்த நட்டம் ஒன்றுதான்.

உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் குளக்கட்டே ஆயுதமாயிற்று. 2009 ஜனவரியில், முன்னேறிவந்த இராணுவத்தை மறிக்க, கிளிநொச்சிக்குக் கிழக்கேயுள்ள கல்மடுக்குளத்தின் கட்டைப் புலிகள் தகர்த்தார்கள். தண்ணிமுறிப்பு என்ற பெயரைத் தந்த பழைய முறிவுகள் மழையால் வந்தவை. இது மனிதக் கையால் வந்தது.

போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலோர் செட்டிகுளத்தில், காடு வெட்டி அமைத்த மெனிக் பாம் முகாமில். அது முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஊர் திரும்பியவருக்குக் கட்டும் தெரிந்தது, பற்றையும் தெரிந்தது. ஆனால் மண்வெட்டியை ஓங்க முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை 'மிதிவெடி' என்றது. சிரமதானத்துக்கு முன்னர் வேறொரு வேலை தேவைப்பட்டது.

அந்த வேலையைப் பெண்கள் பலர் செய்தார்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களிலும் டாஷ், ஷார்ப் போன்ற உள்நாட்டு அமைப்புகளிலும் சேர்ந்தவர்களில் போரில் கணவனை இழந்தவர்கள் அநேகர். முகக்கவசமும் கனத்த அங்கியும் அணிந்து வெயிலில் முழங்காலில் இருப்பார்கள். முற்றம் கூட்டும் வாரிபோன்ற ஒரு கருவியால் மண்ணை மெல்ல மெல்லத் தங்கள் பக்கமாகவே இழுப்பார்கள். ஒரு கைப்பிடி மண், ஒரு பார்வை, பிறகு அடுத்த கைப்பிடி. இது சம்பள வேலை. தன்னார்வம் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. என்றாலும் அயலவன் பயமின்றி நடக்க ஒருவர் தன் உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு இந்த வரலாற்றில் இடமில்லையென்றால் வேறெதற்கு இருக்கும்? பச்சிலைப்பள்ளியின் முகமாலை முன்னரங்கில் இந்த வேலை பல ஆண்டுகள் நீண்டது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

மண் விடுபட்ட இடங்களில் மரம் வந்தது. போரில் இரு தரப்பும் பதுங்குகுழிகளுக்காகப் பனைகளைத் தறித்திருந்தார்கள். பனங்குற்றியைவிட உறுதியான கூரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2013இல் அமைந்த வட மாகாண சபை, விவசாய அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசனின் முயற்சியால் கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியது. மழை மண்ணை நனைத்திருக்கும் மாதம் அது. பிடுங்கி நடும் கன்று பிழைக்கும். பாடசாலைப் பிள்ளைகளும் விளையாட்டுக் கழகத்து இளைஞரும் வீதியோரங்களிலும் குளத்துப் பக்கங்களிலும் பனம் விதை புதைக்கும் வழக்கம் அதன்பின் பெருகியது. பனைக்கு அவசரமில்லை. விதைத்தவர் நுங்கு குடிக்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கன்று நட்டுப் படமெடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்த விழாக்களும் நடந்திருக்கின்றன. அவற்றைவிடப் பாடசாலை மதிலோரத்தில் பிள்ளைகள் போத்தல் தண்ணீரால் காப்பாற்றிய நாலு வேம்பு மேலானது.

பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிளிநொச்சி ஊர்களில் மலையகத்திலிருந்து வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை இப்போது வளர்ந்துவிட்டது. காணி உறுதி, தண்ணீர்ப் பங்கு என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பவை இன்னும் உண்டு. முல்லைத்தீவுக்குத் திரும்ப முயன்ற முஸ்லிம் குடும்பங்கள் காணி கேட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. மரத்தைக் காக்கவென்று அரசு நட்ட காட்டு எல்லைக்கல் முன்பு உழுத வயலுக்குள் நிற்கிறது என்ற முறைப்பாடு வன்னியெங்கும் கேட்கிறது. அந்தக் காட்டை இத்தனை காலம் காத்த ஊரைக் கேளாமல் எல்லை போடுவது, பழைய பங்கு முறையை அறியாதவர் செய்யும் வேலை.

பங்கு முறை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தந்தது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்கார அமைப்புகளைத் தாங்கி நிற்கிறது. காலபோகம் என்ற மழைக்கால நெற்செய்கைக்கு முன்னர் கூடும் கூட்டத்தில் விதைப்புக்கு ஒரு திகதி, மாடு கட்டுவதற்கு ஒரு திகதி, கட்டுத் துப்புரவுக்கு ஒரு திகதி என்று குறிப்பார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் கடைசித் திகதியை இலேசாக எடுப்பதில்லை. பங்கு வாசிக்கும்போது ஆண்களின் பெயர்கள் இருந்த இடங்கள் பலவற்றில் இப்போது பெண்களின் பெயர்கள் வரும். தன் துண்டுக்கு ஆள் இல்லாதவள் அயலவளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அடுத்த நாள் அவளுடைய துண்டுக்கு இவள் போவாள். அந்தக் காலையில் கட்டின் ஒரு முனையிலிருந்து பார்த்தால், வெட்டிக் குவித்த பற்றையின் புகை குளத்தின் காய்ந்த வயிற்றுக்கு மேலாக மேற்புறக் காட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.